பிரமாதமும் சாவதானமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கி 2003-ல் என்.ஐ.டி. ஆன நம் கல்லூரியில், அன்றும் இன்றும் பாதி இடம் வெளிமாநிலத்தாருக்கு. ஆகவே துவாக்குடியில் வந்து இறங்கிய முதல் வாரமே இலவசமாக ஒரு மொழிப் பாடம் கிடைத்துவிடும். மெஸ்ஸில் மலையாள நண்பன் 'வெள்ளம்' கேட்பான், ஸ்ரீரங்கத்துக்காரன் பதறுவான். அவன் கேட்டது குடிதண்ணீர்! தெலுங்கு நண்பன் "அவசரம் லேது" என்றால் 'மெதுவா வா'ன்னு அர்த்தமில்லை, 'தேவையே இல்லை' என்கிறான். அதே அவசரம் கேரளத்தில் 'வாய்ப்பு'. 'சம்சாரம்' இங்கே மனைவி, பாலக்காடு தாண்டினால் பேச்சு. (ரெண்டும் ஒண்ணுதானே என்று பின்வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அது நான் சொன்னதில்லை.)

வேலைத்தளத்துக்குப் போனபிறகு இந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஒரு தளத்தில் கிரேனில் குழாய்க்கட்டு ஏறிக்கொண்டிருந்தது. கட்டிய கம்பிவடம் ஒருபக்கம் நழுவுவதைப் பார்த்த தெலுங்கு ஃபிட்டர், "பிரமாதம்! பிரமாதம்!" என்று கத்தினார். கீழே நின்ற நம்மூர்ப் பையன் பாராட்டு என்று நினைத்து, அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால்... அவன் நின்ற இடத்தில்தான் குழாய் விழுந்தது.

வடமொழியில் அந்தச் சொல்லுக்குக் கவனப்பிசகு என்று பொருள். தெலுங்கு, பிசகினால் வரும் விபத்துக்கும் ஆபத்துக்கும் அதை வைத்துக்கொண்டது. நாமோ 'பெரிய விஷயம்' ஆக்கி, பிறகு 'அருமை' ஆக்கிவிட்டோம். "அதென்ன பிரமாதம்?" என்று கேட்கிறோமே, அதில் அந்த நடுக்கட்டம் இன்னும் தெரிகிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, இந்தியில் 'சாவ்தான்'. எச்சரிக்கைப் பலகையில் எழுதுவது. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் கேட்டால் விறைப்பாக நிற்க வேண்டும். தமிழில் சாவதானமாக வருகிறவனை யாராவது விறைப்பாகப் பார்த்ததுண்டா?

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அயர்லாந்தில் கழிவறைக் கதவில் ஐரிஷ் மொழியில் 'எம்' எழுத்தில் தொடங்குவது பெண்களுக்கு, 'எஃப்' ஆண்களுக்கு. ஆங்கிலத்தை மட்டும் நம்பி நுழைகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, காலையில் வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறேன். தமிழர் 'அபாயம்' என்று கத்த வேண்டும், தெலுங்கர் 'பிரமாதம்', இந்திக்காரர் 'கத்ரா'. மூன்றையும் எல்லோரும் திருப்பிக் கத்துவார்கள். பார்க்கிறவர்கள் பஜனை என்று நினைப்பதுண்டு, பரவாயில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் விடுதியிலேயே நாலைந்து மொழி இருக்கு. இந்த மாதிரிச் சொற்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்க. அடுத்த மலரில் பட்டியலாகப் போடலாம். அதை என் தளத்துச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு.