வாத்தியார் ஊர் சுற்றினால் பிள்ளைக்கு என்ன ஆதாயம்?
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய சிறப்புரை)



பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கப்பட்டவன் பிள்ளைகளைப் பாராட்டிவிட்டு, கல்வியின் பெருமையை நாலு வார்த்தை பேசிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். பிள்ளைகளே, உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நான் இன்று பேச வந்தது உங்கள் ஆசிரியர்களைப் பற்றி. பச்சையாகச் சொன்னால், அவர்களுடைய பயணச் செலவைப் பற்றி. வாரியத் தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பார்க்கட்டும், பேசி முடித்துவிடுகிறேன்.

ஆசிரியரை வெளியே அனுப்பிப் படிக்க வைப்பது புதிய யோசனையன்று. இந்த நாடு சுதந்திரம் அடையும் முன்பே அதைச் செய்திருக்கிறது. இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் பக்கத்திலுள்ள கெர்க்பி என்னும் ஊரில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1952 முதல் 1962 வரை நடந்தது. நம் நாட்டு இளைஞர்களும் இளம்பெண்களும் கப்பல் ஏறிப் போய், குளிரில் நடுங்கிக்கொண்டு படித்து, ஆசிரியர்களாகத் திரும்பினார்கள். 1956 பிப்ரவரி 7-ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை வெளியிட்டுச் சொன்னது அந்தக் கல்லூரி மாணவர்கள் முன்னிலையில்தான். பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளுக்காக ஏற்பட்ட கல்லூரி அது; தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்கு அந்தக் கப்பலில் இடம் இருக்கவில்லை. அது வேறு கதை.

அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1946-இல் தொடங்கிய திட்டம். போர் முடிந்ததும் வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த போர்த் தளவாடங்களை விற்ற பணத்தில் அதை ஆரம்பித்தார்கள். பீரங்கி வண்டி விற்ற காசு படிப்புச் செலவாக மாறலாமென்றால், நம் உணவுச் சந்தையில் வடை விற்ற காசு ஏன் மாறக்கூடாது? ஜப்பானிய அரசாங்கமும் பணியிலிருக்கும் ஆசிரியர்களை வரவழைத்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பயிற்சி கொடுக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? பினாங்கிலேயே 1967 முதல் ரெக்சாம் நிலையம் இருக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்கள் அங்கே வந்து பயில்கிறார்கள்.

இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். இளம் ஆசிரியர்கள் துணிந்து மனுப் போட வேண்டும். ஆனால் வயது வரம்பு, பணியாண்டு வரம்பு, மொழித்தேர்வு, மேலதிகாரியின் ஒப்புதல் என்று வாசற்படிகள் அதிகம். வீட்டிலே கைக்குழந்தையும் நோயாளித் தாயாரும் இருக்கிற ஆசிரியை ஒன்றரை வருடம் எங்கே போவார்? அவருக்கு வேண்டியது பள்ளி விடுமுறையில் மூன்று நாள், நாலு நாள். அந்தச் சின்ன உதவியைத் தருவதற்கு நம்மைத் தவிர வேறு ஆளில்லை.

நானறிந்த ஓர் ஆசிரியரின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவருக்குக் கூச்சம். வரலாற்றுப் பாடத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு வருகிறது. புத்தகத்தில் ஒரு படம், நாலு வரி. மனுஷன் ஒரு விடுமுறையில் சொந்தக் காசில் பஸ் பிடித்து மெர்போக்குக்குப் போய்விட்டார். ஜெராய் மலையடிவாரத்தில், ஓடைக்கரையில், புக்கிட் பத்து பகாட் சண்டி நிற்கிறது. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிக் கண்டது. 1959, 1960 ஆண்டுகளில் கற்களை அடுக்கித் திரும்பக் கட்டினார்கள். இவர் ஒரு கயிற்றைக் கொண்டுபோய்க் கருவறை இருந்த மேடையையும், முன் மண்டபத்தையும், தூண்களைத் தாங்கிய கற்களுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார்.

பள்ளி திறந்ததும் திடலில் சுண்ணாம்பால் அதே அளவுக்குக் கோடு போட்டார். பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்தார். தூண் இருந்த இடத்திலெல்லாம் ஒரு பையனை நிற்க வைத்தார். "கல்லிலே அடி மட்டும்தான் கிடைக்குது, தூணும் கூரையும் எங்கே போச்சு?" என்று கேட்டார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சிறுமி, "சார், மரமா இருந்திருக்கும், உளுத்துப் போயிருக்கும்" என்றாள். ஆராய்ச்சியாளர்கள் சொல்வதும் அதைத்தான். அந்தப் பதிலை எந்தப் பயிற்சி நூலில் மனப்பாடம் செய்ய முடியும்?

இன்றைக்குக் கைப்பேசியைத் தட்டினால் படம் வந்துவிடுகிறதே, எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். படத்தில் கோயில் தெரியும். பக்கத்தில் ஓடுகிற தண்ணீரின் சத்தம் கேட்காது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான், கோயிலுக்கு ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்ற கேள்வியே வாத்தியாருக்குப் பிறக்கும். 2013-இல் அதே பள்ளத்தாக்கில் ஒரு பழைய சண்டி, நிலமேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது. செய்தித்தாளில் வந்தது. போய்ப் பார்த்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைக்கு அந்தச் செய்தி வலிக்கும். மற்றப் பிள்ளைக்கு அது வெறும் செங்கல்.

அங்கிருந்து வடக்கே போனால் இன்னொன்று. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டி ஒரு பகல் பயணத்தில் தாய்லாந்தின் கிராபி மாநிலம். அங்கே குளோங் தோம் என்ற ஊரில் கிடைத்த ஒரு சிறு கல்லில், தமிழ், பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது: பெரும்பதன் கல். பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல் அது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அரசனும் படையும் வருவதற்கு முன்னே ஒரு தட்டான் வந்திருக்கிறான், தன் கருவிக்குத் தன் பெயரைப் போட்டிருக்கிறான்! ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் படையெடுத்தது 1025-இல். நம் பிள்ளைகளுக்குப் படையெடுப்பைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். தொழில் தெரிந்த கையோடு வந்த அந்த மனிதனை யார் சொல்லிக் கொடுப்பது?

கடல் கடக்கத்தான் வேண்டுமென்பதில்லை. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டன் சீவிய பால்மரத்தின் மூதாதை அங்கே. எத்தனை பேர் போயிருக்கிறோம்?

இப்போது பெற்றோரின் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. மின்விசிறி ரெண்டு ஓடவில்லை, கூரை ஒழுகுது, இதிலே வாத்தியாருக்குச் சுற்றுலாவா? நியாயமான கேள்வி. கூரையை முதலில் பாருங்கள். ஆனால் வருடா வருடம் கூரையே ஒழுகுவதில்லை. ஆண்டுக்கு 500 வெள்ளி, ஒரே ஓர் ஆசிரியருக்கு, ஒரு விடுமுறைக்கு. அவ்வளவுதான் நான் கேட்பது.

நிபந்தனையும் போடுங்கள். போகுமுன் எந்தப் பாடத்துக்காகப் போகிறார் என்று அரைப்பக்கம் எழுதட்டும். வந்தபின் அறிக்கை கேட்காதீர்கள். அறிக்கை அலமாரியில் தூங்கும். ஒரு மாதத்துக்குள் அந்தப் பாடத்தை நடத்தட்டும். வாரியத்தாரும் பெற்றோரும் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பாடத்துக்கு அவர் செய்த படமும், அளவும், பொருளும் பள்ளிக்குச் சொந்தம். மாற்றலாகிப் போனாலும் இங்கேயே இருக்கும். மூத்தவர், நெருங்கியவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், யாருடைய அரைப்பக்கம் நன்றாக இருக்கிறதோ அவருக்கே கொடுங்கள். தற்காலிக ஆசிரியராக இருந்தாலும் சரி.

இதற்கென்று வாரியம் தனிக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். முதல் 100 வெள்ளியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன். பொருளாளர் அவர்களே, ரசீது தயாராக இருக்கட்டும்.