ஒரு படமும் பல கருத்தும்

 

ஒரே கொட்டகையில், ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே படத்தைப் பார்த்த நால்வர், வெளியே வந்து பேசத் தொடங்கினால் நான்கு படங்களைப் பார்த்தவர்கள் போலப் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சண்டையும் துப்பாக்கியும் நிறைந்த படமாயின் இந்த வேற்றுமை அவ்வளவாகத் தோன்றுவதில்லை. அமைதியாக நடக்கும் படங்களைப் பற்றித்தான் கருத்து பெரிதும் பிளவுபடுகிறது. அத்தகைய படம் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் வெளிவந்த 'மெய்யழகன்' என்னும் படம் அது. இயக்கியவர் பிரேம்குமார். கார்த்தியும் அரவிந்த்சாமியும் நடித்தது. கதை மிகச் சிறிது. சொத்துத் தகராற்றில் தஞ்சாவூரிலிருந்த பரம்பரை வீட்டை இழந்து, 1996இல் பெற்றோருடன் சென்னைக்குச் சென்றுவிட்ட அருள்மொழி என்பவர், பல ஆண்டுகளுக்குப் பின் தங்கை முறையுள்ள பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஓர் உறவினன் அவரை 'அத்தான், அத்தான்' என்று சுற்றிச் சுற்றி வருகிறான். அவன் யார், அவன் பெயர் என்ன என்பது அவருக்கு நினைவில்லை, கேட்கவும் நாணுகிறார். ஊர் திரும்பும் பேருந்து தவறிப் போகிறது. அன்று இரவு அவன் வீட்டில் தங்குகிறார். அவ்வளவுதான்.

இந்தப் படத்தைக் கோவில்பட்டியில் பார்ப்பதற்காக எங்கள் இளையரசனேந்தலிலிருந்து நாங்கள் ஐவர் சென்றோம். திரும்பும் வழியெல்லாம் வழக்குத்தான். எங்கள் தெரு அண்ணாச்சி கரிசல் காட்டில் உழைத்துப் பழகியவர். எதையும் எடை போட்டே பேசுவார். "ஒரு மனிதன் கல்யாணத்துக்குப் போனான், பஸ்ஸை விட்டான், மறுநாள் வந்தான். இதற்கா மூன்று மணி நேரம்?" என்றார். என் மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் பயில்பவன். "தாத்தா, இவ்வளவு நல்லவன் எந்த ஊரில் இருக்கிறான்? ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார், மற்றவர் அழுதுகொண்டே இருக்கிறார்" என்றான். என் மனைவியார், பெண்கள் எல்லாரையும் ஓரத்திலேயே நிறுத்திவிட்டார்களே என்று குறைப்பட்டார். என் தமக்கையார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்யும் முதற்பகுதியில் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். நாங்கள் பிறந்த வீட்டில் அவருக்கு உரிய பங்கு எப்படிக் கைமாறிற்று என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் யாரும் வாய்விட்டுப் பேசாத செய்தி. படத்தைப் பற்றிய கருத்துகளுள் வாய்திறவாத அவருடைய கருத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் வண்டிக்குள் நடந்த இந்த வழக்கே நாடெங்கும் நடந்தது. படம் நீளம் என்ற குரல் வலுத்தது. வெளியான சில நாட்களுக்குள்ளாகவே ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகளைப் படக்குழுவினரே நீக்கினர். வெட்டியது சரி என்றனர் சிலர். பார்ப்பவனுக்குப் பொறுமையில்லை என்பதற்காகப் படைப்பாளி கத்தரியை எடுக்கலாமா என்றனர் வேறு சிலர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முழுப் படத்தைப் பார்த்தவரும் குறைத்த படத்தைப் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றி வாதிடுவதாக எண்ணிக்கொண்டு வெவ்வேறு படங்களைப் பற்றி வாதிட்டனர். ஆகவே, மாணவர்களே, யாருடனேனும் இதுபற்றி வாதிட நேர்ந்தால், அவர் எதைப் பார்த்தார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்பீர்களானால், நீளத்தைப் பொறுத்தவரை என் பேரன் கட்சியே நான். அந்த இரவு உரையாடலில், கரிகாலன் காலம் தொட்டு வரலாறும் போரும் புகுகின்ற இடத்தில், பேசுபவன் அந்தக் கிராமத்து மனிதனா, இயக்குநரா என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. வகுப்பறையில் பாடத்தை விட்டு விலகி, மணியடித்தது கூடத் தெரியாமல் முப்பத்தைந்து ஆண்டுகள் பேசியவன் நான். அந்தக் குற்றத்தை எளிதில் அடையாளம் கண்டுகொள்வேன்.

ஆனால், படத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்ற அண்ணாச்சியின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. மணமேடையில் அருள்மொழி தாம் கொணர்ந்த நகைகளை ஒவ்வொன்றாகத் தங்கைக்கு அணிவிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். இருவருக்கிடையே நின்ற இத்தனை ஆண்டுகளின் இடைவெளி அங்கே கரைந்து போகிறது. அது நிகழ்ச்சி இல்லையென்றால் வேறு எதை நிகழ்ச்சி என்பது? பின்னர், அவர்கள் தஞ்சை வீட்டில் விட்டுச் சென்ற பழைய சைக்கிள் வருகிறது. அருள்மொழி மறந்தே போன பொருள். அந்தச் சைக்கிளை வைத்துக்கொண்டுதான் அந்த உறவினன் குடும்பம் தலையெடுத்தது என்று அவன் சொல்லும்பொழுது, கேட்பவர் உள்ளே ஏதோ இடிந்து விழுகிறது. பிறக்கப் போகும் குழந்தைக்குத் தம் பெயரையே வைக்கப் போகிறார்கள் என்பதை அறிந்ததும், அவன் பெயர்கூடத் தெரியாத வெட்கத்தில், யாரிடமும் சொல்லாமல் இரவோடு இரவாக அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறாரே, அதைவிடப் பெரிய ஓட்டம் எந்தச் சண்டைப் படத்தில் இருக்கிறது? பெயரோ படத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. சுவரொட்டியில் நாம் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த மனிதருக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

இத்தகைய வழக்கு புதிதும் அன்று. 1955இல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' கல்கத்தாவில் வெளியானபொழுது முதலில் கூட்டம் குறைவாகவே இருந்தது. பார்த்தவர்கள் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லியே அது பெருகிற்று. நம் தமிழில் 1979இல் மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த கதை அது. நான் அப்பொழுது ஆசிரியப் பயிற்சி மாணவன். கொடியவன் ஒருவனை ஊரே சேர்ந்து ஆற்றில் இறங்கச் செய்யும் அந்த முடிவைப் பற்றி எங்கள் விடுதியில் விளக்கணைத்த பிறகும் பேச்சு ஓயவில்லை. அவனுக்கு அது தகும் என்றனர் ஒரு சாரார். கரையில் நின்ற இரு குழந்தைகளை நினைத்தீர்களா என்றனர் மறு சாரார். நான் முதற்கட்சியில் உரக்கப் பேசினேன். இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான பின் அதே படத்தை மறுமுறை பார்த்தபொழுது, மறுகட்சிக்குப் போய்விட்டேன். படம் மாறவில்லை, அதில் ஓர் அங்குலம் கூடக் குறைக்கப்படவும் இல்லை.

நட்சத்திரம் இத்தனை என்று மதிப்பெண் இடும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. மதிப்பெண் இட்டே பிழைத்தவன் நான்; ஆயினும் அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கணக்கு விடைத்தாளைத் திருத்துபவர் யாராக இருந்தாலும் மதிப்பெண் ஒன்றே. இத்தகைய படத்தைத் திருத்துபவனோ தன் வீட்டையும் தன் உறவையும் கூடவே திருத்த வேண்டியதாகிறது.

என் நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை நான் அவ்வளவு பரிவுடன் பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. படம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் நடுத்தர வயதுள்ள ஒருவர் என் காலைத் தொட்டு வணங்கினார். "சார், நினைவிருக்கிறதா?" என்றார். "இல்லாமலா?" என்றேன். எனக்கு நினைவில்லை. அவர் திருப்பூரில் சிறு தொழில் நடத்துவதாகச் சொன்னார். ஏழாம் வகுப்பில் பாதியில் நின்று தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனபொழுது, நான் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, பையனைப் பள்ளிக்கு அனுப்பாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னேனாம். அப்படி எத்தனையோ திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் திண்ணை என்பதுதான் தெரியவில்லை. என் பயணச்சீட்டுக்கு அவரே பணம் கொடுத்துவிட்டு, சன்னலருகே நின்று பேருந்து புறப்படும் வரை பேசிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கொட்டகையில் அருள்மொழி இருட்டில் வெளியேறியபொழுது, என் பேரன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான். தாத்தாவும் அழுகிறார் என்று அவனுக்கு வேடிக்கை. நான் ஏன் அழுதேன் என்று அவனிடம் அப்பொழுது சொல்லவில்லை. அவன் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின் இப்பொழுது தெரிந்துகொள்ளட்டும்.

சென்ற மாதம் நான் பணியாற்றிய பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியரின் இசைவுடன் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டினேன். செல்லரித்தவை போக எஞ்சியவற்றில், ஏழாம் வகுப்பில் இடையில் நின்று மீண்டும் சேர்ந்தவர்களாக மூன்று பெயர்கள் கிடைத்தன. மூன்றையும் ஒரு தாளில் எழிதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஆடித்தபசுக்கு ஊர் வரும்பொழுது என்னைப் பார்ப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.