பூச்சும் அதன் விலையும்



என் நண்பர் ஒருவர், தம் தகப்பனார் ஓட்டிப் பின்பு பல வருஷங்களாகக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற சங்கல்பத்தோடு, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வீட்டு முற்றத்தில் பரப்பிவைத்துவிட்டு, வந்து பார்க்கும்படி எனக்குச் சொல்லியனுப்பினார். இத்தாலிய நிபுணரான மிக்கெலோட்டி உருவம் வகுத்துக் கொடுக்க, 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரோடு வெளிவந்து, 1961 முதல் நம் சென்னையிலும் தயாராகிவந்த வண்டி அது. உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்த கார்கள் பெருகிவிட்ட அந்தக் காலத்திலும், இதில் ‘சேஸிஸ்’ என்னும் அடிச்சட்டம் தனியாகவும் மேலே உட்காரும் கூடு தனியாகவும் இருந்தன. ஆகவே கூட்டைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டால், அடிச்சட்டம் முழுவதும் மறைவின்றிக் கண்முன்னே நிற்கும். நான் போனபோது அது பழுப்பேறி, சில இடங்களில் விரலால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும் நிலையில் நின்றது.

அதன் பக்கத்தில் நான்கு சக்கரங்கள், முன்புறத்துச் சுருள்வில்கள், பின்புறத்துப் பட்டைவில், சைலன்சர், மங்கிப்போன கதவுக் கைப்பிடிகள், ஒரு வாளி நிறைய போல்ட்டு நட்டுகள். நண்பர் என்னிடம் கேட்டது இதுதான்: “இத்தனைக்கும் பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் என்ன? எவ்வளவு ஆகும்?” இன்று நான் பேச வந்திருப்பது அந்தக் கேள்விக்கான பதிலே.

பவுடர் கோட்டிங் என்பது திரவப் பெயிண்டு அன்று. நைசாக அரைத்த பிசினும் நிறமும் கலந்த உலர்ந்த பொடி. ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் 1950-களில், அடியிலிருந்து காற்றை ஊதித் திரவம்போல் அலையவிட்ட பொடிக்குள் சூடாக்கிய உலோகத்தை முக்கியெடுத்து, மேலே ஒட்டிய பொடியை உருகவைக்கும் முறையை வகுத்தார். அதற்குப் பின் 1960-களில்தான் மின்சாரத் துப்பாக்கி வந்து, இன்று நாம் பட்டறைகளில் காணும் முறை நிலைபெற்றது. அந்தத் துப்பாக்கியின் முனையில் அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் வோல்ட்டு வரை மின்னழுத்தம் இருக்கும்; ஆனால் ஓடும் மின்சாரமோ மிகச் சொற்பம். துப்பாக்கியிலிருந்து வெளிப்படும் ஒவ்வொரு துகளும் மின்னூட்டம் பெற்று, எர்த் கொடுத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருக்கும் இரும்பை நாடிச் சென்று பற்றிக்கொள்கிறது. முன்பக்கம் அடிக்கும்போதே பின்பக்கத்துக்கும் பொடி வளைந்துபோய் ஒட்டுவதைப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும். பிறகு அதை ஓவனுக்குள் தள்ளி 180 முதல் 200 டிகிரி உஷ்ணத்தில் பத்து இருபது நிமிஷம் வைத்தால், பொடி உருகிப் பரவி, இறுகி, மறுபடியும் உருகாத ஒரே படலமாகிவிடுகிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில் உள்ள ஒரு சிறு பட்டறைக்கு நண்பரும் நானும் போயிருந்தோம். வாசலில் நின்ற உரிமையாளர், எங்கள் சட்டத்தின் புகைப்படத்தைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சார், பொடி அடிக்கிறது பத்து நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி இருக்கிறதுதான் ரெண்டு நாள்” என்றார். பவுடர் கோட்டிங்கின் பொருளாதாரம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

கணக்கைப் பாருங்கள். படலத்தின் கனம் எழுபது மைக்ரான் என்றும், பொடியின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு என்றும் வைத்துக்கொண்டால், பத்துச் சதுர அடி பரப்புக்கு ஏறக்குறைய நூறு கிராம் பொடி போதும். சட்டத்தின் பரப்பை அறுபது சதுர அடி என்று மதித்தாலும் அறுநூறு கிராம்தான். அடிக்கும்போது சிதறி வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும். கிலோ சில நூறு ரூபாய் விலையுள்ள பொடிக்கு, பில்லில் அவ்வளவு பெரிய தொகை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஓவனின் செலவோ என்றால் அதுவும் வேடிக்கையான விஷயம். அறுபது கிலோ இரும்பை அறையின் சூட்டிலிருந்து இருநூறு டிகிரிக்கு ஏற்றுவதற்குச் சுமார் ஒன்றரை யூனிட் மின்சாரமே தேவை. மீதிச் சூடெல்லாம் ஓவனின் சுவரையும் காற்றையும் காய்ச்சுவதிலே போய்விடுகிறது. ஒரே ஒரு பிரயாணியை ஏற்றிக்கொண்டு போனாலும் பேருந்துக்கு டீசல் ஏறத்தாழ அதே அளவு செலவாவதுபோல, ஓவனில் ஒரு சக்கரம் தொங்கினாலும் நாற்பது சக்கரம் தொங்கினாலும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் மொத்தமாகக் கொண்டுவருபவருக்கு மலிவாகவும், ஒற்றை உருப்படி கொண்டுவருபவருக்கு விலையேற்றமாகவும் இருக்கிறது. நிறத்துக்கும் இதே நியாயந்தான்: பொடி இருபது, இருபத்தைந்து கிலோப் பெட்டிகளாக வருகிறது, கறுப்பு எப்போதும் பட்டறையில் இருக்கும், நாம் பிரத்தியேகமாக ஒரு நீலத்தை விரும்பினால், பெட்டி வாங்கும் செலவும், துப்பாக்கியையும் அறையையும் துடைத்து நிறம் மாற்றும் கூலியும் நம் தலையில்தான் விழும்.

ஆனால் பில்லின் பெரும்பகுதி பூர்வாங்க வேலைக்கே. பழைய பெயிண்டை உரிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். துருவை எடுக்க வேண்டும். பிறகு பாஸ்பேட்டு ரசாயனத்தில் முக்கி, பொடி பற்றுவதற்கான மெல்லிய படிவை உண்டாக்க வேண்டும். இவற்றையும் இடையிடையே கழுவுவதையும் சேர்த்துத்தான் பட்டறைக்காரர்கள் ‘செவன் டாங்க்’ என்று சொல்கிறார்கள். எங்கள் சட்டத்தைப் போன்ற பெட்டி வடிவமுள்ள உறுப்புகளை அமிலத்தொட்டியில் முக்கினால், உள்ளே புகுந்த அமிலம் மடிப்புகளில் தங்கி, பூச்சு முடிந்த பிறகு மெல்லக் கசிந்து பூச்சையே தூக்கிவிடும் அபாயம் உண்டு. ஆகவே மணலோ இரும்புக் குறுமணிகளோ வீசித் துருவை நீக்கும் பிளாஸ்டிங் முறையே அதற்கு உசிதம். துருவின் மேலேயே பொடி அடித்துப் பளபளவென்று கொடுத்துவிடும் பட்டறைகளும் இல்லாமற் போகவில்லை. புதிதாயிருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது; இரண்டு மழைக்காலம் போனால், ஒன்று அப்படியே இருக்கும், மற்றொன்று அப்பளம்போல் உப்பிக்கொண்டு நிற்கும். இந்தப் பூச்சில் ஒரு மூலை பெயர்ந்தால் அங்கே மட்டும் தொட்டு ஒப்பேற்ற முடியாது. முழுவதையும் உரித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மறைக்க வேண்டிய இடங்களை மறைப்பதும் கூலியில் ஒரு பங்கு. மரை உள்ள துளைகளுக்குச் சிலிக்கான் அடைப்பான் வைக்க வேண்டும். ரப்பர் புஷ்கள், பேரிங்குகள், ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் ஓவனுக்குப் போகுமுன் கழற்றியாக வேண்டும். பொடிப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. பழைய கார்களில் விளக்கின் எர்த் சட்டத்தின் வழியாகவே திரும்புவதால், அந்த இடங்களைச் சுத்தமாக விட்டுவைக்காவிட்டால், அழகான சட்டத்தின்மேல் எரியாத விளக்குகளோடு நிற்க நேரிடும். இதைவிடக் கவலைக்குரியது சக்கரம். எனக்குத் தெரிந்த ஒருவர், சக்கரத்தில் நட்டு உட்காரும் குழிகளையும் சேர்த்துப் பூசிவாங்கி, முறுக்கிப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். போகப் போக அந்தப் பூச்சு நட்டுகளின் அழுத்தத்தில் நசுங்கி இடம்விட, நட்டுகள் தளர்ந்து, சக்கரம் கடகடவென்று சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் அவருக்குத் தெரிந்தது. உயிருக்கே உலைவைக்கக் கூடிய சிக்கனம் அது.

இனி, பவுடர் கோட்டிங் எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்குழிந்த மூலைகளில் மின்புலம் எட்டாததால் பொடி புகுவதில்லை. மூடிய பெட்டிச் சட்டத்தின் உள்வயிறோ அறவே வெறுமையாகக் கிடக்கும். எங்கள் ஹெரால்டின் சட்டம் துருப்பிடிக்கத் தொடங்கியதும் உள்ளேயிருந்துதான். அதற்கு மெழுகு கலந்த எண்ணெயைத் துளைவழியே பீய்ச்சுவதே வழி. வார்ப்பு உறுப்புகளில் நுண்துளைகளுக்குள் ஒளிந்திருக்கும் காற்று, ஓவனில் விரிந்து பூச்சில் ஊசித்துளைகள் போடும். முன்கூட்டியே ஒருமுறை வெறுமனே சூடாக்கி அதைத் தவிர்க்கலாம். இக்காலத்து அலாய் சக்கரங்களில் பெரும்பாலானவை, சூட்டிலே பதப்படுத்தி வலிமையேற்றப்பட்டவை. அவற்றை ஓவனில் மிதமிஞ்சிக் காய்ச்சுவதும், அடிக்கடி உரித்துக் காய்ச்சுவதும் அந்த வலிமையைக் குறைத்துவிடும். சைலன்சருக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் சாதாரணப் பொடி கூடவே கூடாது. அந்தச் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும். பொடியிலும் எபாக்ஸி வகை துருவைத் தடுப்பதில் கெட்டி, ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்புபோல் வெளுத்துப்போகும். வெளியே தெரியும் உறுப்புகளுக்குப் பாலியெஸ்டர் வகையே ஏற்றது.

அப்படியானால் மாற்றுகள் என்ன? முதலாவது, நமக்கு மிகவும் பரிச்சயமான ரெட் ஆக்சைடும் அதன்மேல் எனாமலும். மலிவானது, பிரஷ்ஷால் பூசலாம், பெயர்ந்த இடத்தில் மறுபடி தொட்டுக்கொள்ளலாம். ஆயினும் டப்பாவிலுள்ளதில் ஏறக்குறைய பாதி ஆவியாகிப் போகும் கரைப்பான். அதைவிட உறுதியானது, கடினமாக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைப் பெயிண்டு. ஆனால் அதன் ஆவி சுவாசத்துக்குக் கெடுதி என்பதால், அடிப்பவருக்குத் தக்க முகக்கவசம் இன்றியமையாதது. போல்ட்டு நட்டுகளுக்குப் பொடியும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். சில மைக்ரான் கனமே உள்ள ஜிங்க் பிளேட்டிங் மரையைக் கெடுக்காமல் காக்கும். ஆனால் அதிக வலிமையுள்ள போல்ட்டுகளையும் வில்களையும் அமிலத்திலோ பிளேட்டிங் தொட்டியிலோ போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பின்னால் எச்சரிக்கையின்றி முறியவைக்கும். அப்படிப்பட்ட போல்ட்டுகளை உடனே சூட்டில் வைத்து அந்த வாயுவைப் போக்க வேண்டும், வில்களை அந்தத் தொட்டிகளின் பக்கமே கொண்டுபோகாதிருப்பது நல்லது.

உருகிய துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங், பெட்டிச் சட்டத்தின் உள்ளும் புறமும் சேர்த்துக் காக்கும். ஆனால் 450 டிகிரிச் சூட்டில் மெல்லிய தகடு கோணிக்கொள்ளும். கார்த் தொழிற்சாலைகளில் உடல் முழுவதையும் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் ஒவ்வொரு இடுக்கிலும் படியவைக்கும் முறை ஒன்று உண்டு. உத்தமமான முறைதான், ஆனால் அந்தப் பெருந்தொட்டிகள் தொழிற்சாலைகளின் உற்பத்திக்காக ஏற்பட்டவை. ஒற்றைச் சட்டத்தோடு போகிறவருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. அலுமினியத்துக்கு மட்டும் அனோடைசிங் என்ற தனி வழி உண்டு. கைப்பிடிகளின் பளபளப்புக்குக் குரோம் முலாமே வேண்டும்; அதில் பளபளப்பைத் தாங்குவது அடியிலுள்ள நிக்கல், மேலேயுள்ள குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, கூலியில் கணிசமான பங்கு தேய்த்து மெருகிடுபவருக்கு. ஆனால் குரோமுக்குப் பில்லில் எழுதாத ஒரு விலையும் உண்டு. முலாம் தொட்டிகளில் பெரும்பாலும் பயன்படும் ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும், அது கொட்டிய கழிவு குன்றுபோல் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நம் நாட்டு அனுபவமே. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் மலிவாக முலாமிட்டுத் தருபவரிடம் நாம் மிச்சம்பிடிக்கும் பணத்தை, யாரோ ஒருவருடைய கிணறு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

என் நண்பர் கடைசியில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சட்டத்துக்கும் நான்கு சக்கரங்களுக்கும், மணல் வீசிச் சுத்தம்செய்து, கறுப்புப் பவுடர் கோட்டிங். ஒரே நிறமாகையால் எல்லாம் ஒரே ஓவனில் முடிந்தன. வாளியிலிருந்த நட்டுகளுக்கு ஜிங்க். சைலன்சருக்கு உஷ்ணம் தாங்கும் அலுமினியப் பெயிண்டு. கைப்பிடிகளுக்கு மட்டும் குரோம். வில்களை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாமே பெயிண்டு பூசினார். எல்லாம் முடிந்து அவர் நோட்டுப் புத்தகத்தில் கூட்டிப் பார்த்தபோது, பொடிக்கும் பெயிண்டுக்கும் கொடுத்ததைக் காட்டிலும் துருவை எடுப்பதற்குக் கொடுத்ததே அதிகமாயிருந்தது.

ஆகவே நேயர்களே, நீங்கள் ஒரு சக்கரத்தையோ சட்டத்தையோ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகும்போது, சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், துருவை எப்படி எடுப்பீர்கள், எந்தெந்த இடத்தை மறைப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாக விடை சொல்லும் பட்டறையில், பில் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கொடுத்துவிட்டு வாருங்கள்.