மறதியும் கடவுச்சொல்லும்

(குறுவள மையக் கூட்டத்தில் திருவொற்றியூர் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எமிஸ், மின்னஞ்சல், வங்கி என ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். “பாஸ்வேர்டு மறந்துபோச்சு சார்” என்ற குரல் கேட்காத ஆசிரியர் அறை இல்லை. வயதாகிவிட்டது என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். குறை வயதில் மட்டும்தானா?

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில்தான் மறதி மிக வேகமாக இருந்தது. பொருளில்லாததை மனம் எளிதில் நழுவவிடுகிறது.

என் வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று மீன்களை விலையோடு ஒப்பிக்கும் காசிமேட்டுப் பிள்ளை, தனிமங்களின் குறியீட்டில் திணறுகிறான். மீன் அவன் வீட்டோடு ஒட்டியது. குறியீடு எதனோடும் ஒட்டவில்லை.

பத்தாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் நிகழ்த்திச் சதாவதானி எனப் பாராட்டப்பட்டார். அவர் வளர்ந்தது செய்யுள் மரபில். அங்கே எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை இழுத்துவரும். குறிகளும் எண்களும் கலந்த கடவுச்சொல்லில் அந்தப் பிடி ஏது?

பெரிய எழுத்து, எண், குறி, அடிக்கடி மாற்றம் என்ற விதிகளை 2003இல் அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக எழுதியவர் பில் பர். 2017இல் அவரே அதற்காக வருந்தினார். நீளமே முக்கியம், கசிந்தால் மட்டும் மாற்றினால் போதும் என்று அந்த நிறுவனமும் அதே ஆண்டு திருத்திக்கொண்டது.

ஆகவே, தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை எடுத்து ஒரு காட்சியாக்குங்கள். நண்டு ஏணியேறி மழையில் தபால் கொடுப்பதுபோல! எண்ணும் குறியும் கேட்டால் கடைசியில் சேருங்கள். மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் பார்க்காமல் நினைவுகூருங்கள். வங்கிக்கும் பள்ளிக்கும் ஒரே சொல் வேண்டாம்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதிவைப்பதும் வேண்டாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பிள்ளைகளின் முகவரியும் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. கடலுக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நம்மை நம்பித் தந்தவை அவை.

நமக்கு உதவும் இதே வழி மாணவருக்கும் உதவும். “மனப்பாடம் செய்” என்பதற்கு முன், பிடித்துக்கொள்ள ஒரு பிடியைக் கொடுப்போம்.