துரைமாரின் பெயர்களும் நம் பெயர்களும்

(அம்பிட்டியவில் நடைபெற்ற தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் டன்சினன் என்று இருக்கும், ஹோலிரூட் என்று இருக்கும், அக்கரப்பத்தனைப் பக்கம் என்றால் கிளாஸ்கோ, பல்மோரல், வேவர்லி என்று இருக்கும். இவையெல்லாம் ஸ்கொட்லாந்துப் பெயர்கள். கிளாஸ்கோ அங்கே பெரிய நகரம். பல்மோரல் அரச குடும்பத்தின் மாளிகை. டன்சினன் ஒரு மலை. வேவர்லி அந்நாட்டு எழுத்தாளர் வால்டர் ஸ்கொட்டின் நாவல். கடல் கடந்து வந்த துரைமார் தங்கள் ஊரின் நினைவை நம் மலைகளில் எழுதி வைத்தார்கள்.

இந்தத் தெருவில் நேரே போனால் தலாத்துஓயா. அதையும் தாண்டினால் ஹேவாஹெட்ட மலைகள். அங்கே லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். ஸ்கொட்லாந்தில் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகன். 1852இல், இருபது வயதுகூட ஆகாத நிலையில், கோப்பித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். பின்னர் கோப்பியை இலைநோய் அழித்தபோது தேயிலைதான் தோட்டங்களைக் காப்பாற்றியது. டெய்லர் உழைப்பாளி. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியது யார்? குழி தோண்டியது யார்? கொழுந்து எடுத்தது யார்?

டெய்லர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1892 மே மாதம் அவர் இறந்தபோது தோட்டத் தொழிலாளர்கள் உடலைச் சுமந்து கால்நடையாகவே கண்டிக்குக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். மஹியாவ மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது, பெயரும் இருக்கிறது. சுமந்து வந்தவர்களின் பெயர் எங்கே?

அதே ஹேவாஹெட்டப் பகுதியில்தான் முல்லோயா தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரி 10இல் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழுவில் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. தேயிலை பிறந்த மலையும் தொழிலாளி உயிர் கொடுத்த மலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. டெய்லரைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். கோவிந்தனை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பழைய கதை எதற்கு, சம்பளத்தைப் பேசுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எழுத்தில் இல்லாததற்கு நாம் கொடுத்த விலையை நினைத்துப் பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்குச் சாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களிடம் ஏது கடதாசி? அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கே. பிறகு 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. நாளைக்குக் காணியுரிமை கேட்டு நிற்கும்போதும், எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

துரைமாரின் பெயர்ப்பலகைகளை உடைக்கச் சொல்லி நான் வரவில்லை. அந்தப் பெயர்களோடுதான் நாம் வளர்ந்தோம். அவை இப்போது நம் ஊர்ப் பெயர்கள். அவற்றோடு நம் பெயர்களையும் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது, போய்ப் பாருங்கள். கம்பளைப் பக்கம் பழைய லய அறைகளிலேயே தொழிலாளர் நூதனசாலை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு தோட்டக் கிளையும் மூன்று வேலை செய்ய வேண்டும். முதலாவது, எழுபது வயதைத் தாண்டிய தாத்தா பாட்டிமார் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள்: எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து, யாரோடு வந்தார்கள் என்று தங்கள் பெரியவர்களிடம் கேட்டதை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது, பெட்டிக்குள் கிடக்கும் துண்டு, சம்பளச்சீட்டு, பழைய சங்க அட்டை, பிரஜாவுரிமைக் கடிதம் எல்லாவற்றையும் படம் எடுத்து, மூலத்தை அந்தந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுங்கள். மூன்றாவது, கோயிலைக் கட்டியவர்கள், போராட்டத்தில் வேலை இழந்தவர்கள் யார் என்று விசாரித்து, தலைவிமாரின் பெயர்களையும் விடாமல் கிளைப் புத்தகத்தில் எழுதுங்கள்.

கோவிந்தனின் நினைவு நாளான அடுத்த ஜனவரி 10இல், எழுதியதைக் கிளைக் கூட்டத்தில் வாசியுங்கள். வாசிப்பவர்கள் பாடசாலைப் பிள்ளைகளாக இருக்கட்டும்.