குண்டு வீசக் கட்டிய கப்பல்கள்

1814 செப்டம்பரில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் துறைமுகக் கோட்டைமீது பிரிட்டிஷ் கடற்படை விடிய விடியக் குண்டு வீசியது. வீசிய கப்பல்களில் ஒன்றின் பெயர் ‘டெரர்’. அதே கப்பல்தான் பின்னாளில் பூமியின் இரு கோடிப் பனிக்கடல்களையும் பார்த்தது.

போர்க்கப்பலுக்கு அங்கே என்ன வேலை? 1815இல் நெப்போலியனோடு நடந்த போர் முடிந்ததும் கப்பல்கள் சும்மா கிடந்தன. அதிகாரிகள் அரைச் சம்பளத்தில் வீட்டில் இருந்தார்கள். கடற்படைத் தலைமையகத்து இரண்டாம் செயலாளர் ஜான் பேரோ, ‘இவர்களைத் துருவத்துக்கு அனுப்புங்கள்’ என்று விடாமல் வாதாடினார். வட அமெரிக்காவின் உச்சியைச் சுற்றி பசிபிக் கடலுக்கு ஒரு வழி காண வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்கு வாகாக அமைந்தவை குண்டுவீச்சுக் கப்பல்கள். அவற்றின் குட்டையான மார்ட்டர் பீரங்கி குண்டை வானை நோக்கி எறியும். எறியும்போது அதன் உதை நேரே கப்பலுக்குள் இறங்கும். சாதாரணக் கப்பல் என்றால் பலகைகள் விட்டுப்போகும். ஆகவே இவற்றைத் தடித்த மரத்தால், நெருக்கமான விட்டங்களோடு, அகன்ற வயிறு வைத்துக் கட்டினார்கள். பீரங்கி உதையைத் தாங்கிய உடல் பனியின் நெருக்கலையும் தாங்கியது. வயிற்றில் ஆண்டுக்கணக்கில் உணவும் ஏற்றலாம். வேகத்தை மட்டும் கேட்காதீர்கள்!

1839இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ், ‘எரபஸ்’, ‘டெரர்’ என்ற இரு குண்டுவீச்சுக் கப்பல்களோடும் அண்டார்க்டிகா புறப்பட்டார். 1841 ஜனவரியில், பனிக்கு நடுவே புகை கக்கும் எரிமலை ஒன்றைக் கண்டார்கள். அதற்கு எரபஸ் என்றும், பக்கத்து மலைக்கு டெரர் என்றும் பெயர் வைத்தார்கள். 1843இல் இரு கப்பல்களும் பத்திரமாகத் திரும்பின.

அந்த வெற்றி தந்த நம்பிக்கைதான் வினையாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. 1845இல் அதே கப்பல்களில் ரயில் எஞ்சின்களைப் பொருத்தி, முகப்பில் இரும்புத் தகடு அடித்து, மூன்றாண்டு உணவோடு கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்ளினை, பேரோ சொன்ன வழியைத் தேடி வடக்கே அனுப்பினார்கள். 1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவருகே பனி இறுகியது. 1847இல் ஃபிராங்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில் எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். கடலேறிப் போன 129 பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

பேரோ ஆசைப்பட்ட வழியை முதலில் கப்பலில் கடந்தவர் நார்வேக்காரர் அமுண்ட்சென். 1903இல் அவர் எடுத்துப்போனது 47 டன் மீன்பிடிப் படகு ஒன்று. கூட வந்தவர்கள் ஆறே பேர். ஆழமில்லாத நீரிலும் அந்தப் படகு நுழைந்தது. கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலம் தங்கி, பனியில் வாழும் விதத்தை அப்பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களிடம் கற்றுக்கொண்டார்.

ஃபிராங்ளினின் ஆட்கள் பட்டினியால் மடிந்ததை அந்த மக்கள் 1854இலேயே ஜான் ரே என்ற ஆய்வுப் பயணியிடம் சொல்லியிருந்தார்கள். பசியில் அவர்கள் செத்தவர்களின் உடலைத் தின்றதாகச் சொன்னதை லண்டன் நம்ப மறுத்தது. சார்லஸ் டிக்கன்ஸ் மறுத்தே எழுதினார். கப்பல் ஒன்று தெற்கே போய் மூழ்கியதாகவும் இனுயிட்டுகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 2014இல் எரபஸ் அந்தப் பக்கத்தில்தான் அகப்பட்டது. 2016இல் டெரரைத் தேடியவர்களுக்கு வழி காட்டியவரும் சாமி கோக்விக் என்ற இனுயிட்தான். கப்பல் கிடந்த இடத்துக்கு வரைபடத்தில் ‘டெரர் குடா’ என்று முன்பே பெயர் இருந்தது. அது அங்கேதான் கிடக்கிறது என்று தெரியாமலே வைத்த பெயர்!