ஐரோப்பிய ஆய்வு நிதியும் கனடியத் தமிழ் இளையோரும்

(டோர்வலில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)

 

டோர்வல் என்றதும் விமான நிலையமே பலர் நினைவுக்கு வரும். ஆயினும் கனடிய வானிலை மையமும் இந்நகரிலேயே இயங்குகின்றது. கணிதமும் பௌதிகமும் கற்றோர் அங்கு பணியாற்றுகின்றனர். ஆய்வு என்பது முடிவில்லாப் படிப்பன்று. அதுவும் ஒரு தொழிலே.

"இன்னும் எத்தனை ஆண்டு படிக்கப் போகிறாய்?" என்ற கேள்வி தமிழ் வீடுகளில் அடிக்கடி எழுகின்றது. இரவு பகலாக உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால் அக்கேள்விக்கு ஐரோப்பாவில் தெளிவான விடை உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொறைசன் ஐரோப்பா' திட்டம் 2021 முதல் 2027 வரையிலானது. அதன் கீழுள்ள மேரி கியூரி ஆய்வுத் திட்டத்தில் கலாநிதிப் பட்டத்திற்கு ஆய்வு செய்வோர், தொழில் ஒப்பந்தத்துடனும் சமூகக் காப்புறுதியுடனும் ஊதியம் பெறுகின்றனர். எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். செல்லவிருக்கும் நாட்டில், முந்திய 36 மாதங்களுள் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது என்பதே முக்கிய நிபந்தனை. மொன்றியலில் வளர்ந்த பிள்ளைக்கு இது தடையாகாது. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என மும்மொழி அறிந்திருப்பதும் அங்கு பெருந்துணையாகும்.

கலாநிதிப் பட்டம் பெற்றோர் ஓராண்டு முதல் ஈராண்டு வரையான ஆய்வுப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். சொந்த ஆய்வுக்குழு அமைக்க விரும்பும் இளம் ஆய்வாளருக்கு, 2007 இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய ஆய்வு மன்றம் ஐந்தாண்டுகளுக்கு 15 இலட்சம் யூரோ வரை வழங்குகின்றது. இவ்விரண்டிற்கும் ஐரோப்பாவில் ஓர் ஆய்வு நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கனடாவில் இருந்தபடியே பங்கேற்கவும் வழி பிறந்துள்ளது. 2024 யூலை 3 அன்று கனடா இத்திட்டத்தின் இரண்டாம் தூணில் இணையும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. சுகாதாரம், காலநிலை, எரிசக்தி முதலிய துறைகளின் கூட்டாய்வுகளுக்குக் கனடிய நிறுவனங்களும் அந்நிதியைப் பெறலாம். மக்கில், கொன்கோடியா போன்ற பல்கலைக்கழகங்களில் பயிலும் இளையோர், தம் பேராசிரியரிடம் இதுபற்றி இன்றே கேட்டறிதல் நன்று.

போட்டி கடுமையானது என்பதையும் மறைக்கலாகாது. பட்டம் பெற்றோருக்கான மேரி கியூரி அழைப்புக்கு 2025 இல் மட்டும் 17,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. ஓராண்டுக்கு முன்பே ஆய்வு வழிகாட்டியைத் தேடித் தொடர்புகொள்பவருக்கே வாய்ப்பு அதிகம். முதல் தோல்வியைப் பிள்ளையின் குறையாகப் பெற்றோர் எண்ணலாகாது.

இத்திட்டம் தாங்கி நிற்கும் பெயரையும் எண்ணிப் பாருங்கள். பெண் என்பதால் வார்சோ பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்ட மேரி கியூரி, 1891 இல் பாரிசுக்குப் புலம்பெயர்ந்தே கற்றார். பின்னர் இருமுறை நோபல் பரிசு பெற்றார். 1970களில் தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாயிலில் தடுக்கப்பட்ட தலைமுறைக்கு அந்த வலி புரியும். அன்று பெற்றோருக்கு அடைக்கப்பட்ட கதவு, இன்று பிள்ளைகளுக்குத் திறந்திருக்கின்றது. வீட்டிலிருந்தே அதை மூடிவிடாதிருப்போமாக.